வேர் போகும், தண்ணி போகாது: குடிநீரின் சாதி வரலாறு

2020இல் கொரோனா ஊரடங்கு நடந்துகொண்டிருந்தபோது எங்கள் ஊராட்சி அலுவலக வாசலில் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள். பெரிய அலுமினிய அண்டாவில் தண்ணீர் கொதித்தது. விறகு வைத்து எரித்ததும், பொடியைக் கொட்டிக் கிண்டியதும், துணியில் வடிகட்டியதும் எங்கள் காலனியைச் சேர்ந்த இரண்டு தூய்மைக் காவலர் பெண்கள். தன்னார்வலர் என்ற பெயரில் நான் வரிசையைச் சரிபண்ணிக்கொண்டு நின்றேன். முதல்நாள் காலனி சனங்கள் வந்து குடித்துவிட்டுப் போனார்கள். ஊர்த்தெருவிலிருந்து வந்தவர்கள் அண்டாவைப் பார்த்தார்கள். கிண்டிக்கொண்டிருந்த பெண்களையும் பார்த்தார்கள். ஒரு பெரியவர் என்னிடம் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்: "பொடியா இருந்தா குடுங்க தம்பி. நாங்க வூட்ல காய்ச்சிக்கிறோம்."

மறுநாளிலிருந்து ஊருக்குப் பொடிப் பொட்டலம், காலனிக்குக் காய்ச்சிய தண்ணீர் என்று ஏற்பாடு மாறிவிட்டது. யாரும் சண்டை போடவில்லை. யாரும் சாதிப் பேரைச் சொல்லவில்லை. காரணம் கேட்டபோது "கூட்டம் சேரக்கூடாதில்ல" என்றார்கள். அது ஒரே பொடிதான். சுக்கு, திப்பிலி, கிராம்பு, ஆடாதோடை, சீந்தில், நிலவேம்பு, கோரைக்கிழங்கு என்று பதினைந்து சரக்கு சேர்ந்த ஒரே பொடி. பொட்டலமாக இருந்தவரைக்கும் அதில் குற்றமில்லை. எங்கள் பெண்கள் அதைத் தண்ணீரில் போட்ட அந்த நொடியில் அதில் ஏதோ ஒன்று கலந்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. செத்துப்போன என் ஆயா சொன்ன ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. "வேரு போவும்டா, தண்ணி போவாது." சின்ன வயசில் அதை ஏதோ விடுகதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது விடுகதை இல்லை, வரலாறு. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

1

ஆயா என்றால் என் அப்பாவைப் பெற்றவள். வேர் பறிக்கிறவள், பிள்ளைப்பேறு பார்க்கிறவள், மற்ற நாளில் நாற்று நடுகிறவள். தென்னாற்காட்டுப் பக்கத்துச் சேரிகளில் இப்படி ஊருக்கு ஒருத்தியாவது இருந்திருப்பாள். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு, சுடுகாட்டு ஓரம், ஆண்டை வீட்டு வரப்பு இவைதான் அவளுக்குத் தோட்டம். வேலை முடிந்து வரும்போது மடியில் ஏதாவது இருக்கும். மழைக்காலம் என்றால் தூதுவளை, துளசி, ஆடாதோடை. மழை விட்டதும் நிலவேம்பு. பொங்கலை ஒட்டி ஆவாரம்பூ. வெயில் காலத்தில் நன்னாரி வேர். ஏரி வற்றினால் கோரைக்கிழங்கு. வேலியில் எப்போதும் சீந்தில் கொடியும் முடக்கத்தானும்.

நோய் வந்தவர்களுக்குக் கொடுத்த மருந்துகளைப் பற்றி இங்கே நான் பேசப்போவதில்லை. நோயில்லாத உடம்புக்கு, சும்மா நல்லா இருக்கணும் என்று அவள் காய்ச்சிக் கொடுத்த தண்ணிகளைப் பற்றித்தான் பேசுகிறேன். அதில் மூன்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

முதலாவது மல்லித்தண்ணி. இன்றைக்குச் சுக்குமல்லிக் காப்பி என்கிறோமே, அதுதான். கொத்தமல்லி விதை இரண்டு பங்கு, சுக்கு ஒரு பங்கு, மிளகு கால் பங்கு. மல்லியை வெறும் சட்டியில் வாசம் வருகிற வரைக்கும் வறுப்பாள், கருகவிட மாட்டாள். சுக்கைத் தோல் சீவித்தான் தட்டுவாள். சுக்குக்குத் தோலில் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டையில் நஞ்சு என்பது வைத்தியம் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வது. எங்கள் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை. அதனால் பனைவெல்லம். மார்கழிப் பனியில் அறுப்புக்குப் போகிறவர்கள் விடியுமுன் ஆளுக்கு ஒரு குவளை குடித்துவிட்டுப் போவார்கள்.

இரண்டாவது ஆவாரம்பூத்தண்ணி. பூவை நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டு, கொஞ்சம் சுக்குத் தட்டிப்போட்டுக் காய்ச்சுவாள். வெயிலில் களம் அடிக்கிற உடம்புச் சூட்டுக்கு அது.

மூன்றாவது கசப்புத்தண்ணி. நிலவேம்பு, சீந்தில், கோரைக்கிழங்கு, மிளகு. ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும் மூணு நாள் காலையில் வெறும் வயிற்றில் வீட்டில் எல்லாருக்கும் உண்டு. எங்களுக்கு மூக்கைப் பிடித்துத்தான் ஊற்றுவாள். ஊற்றிய கையோடு நாக்கில் ஒரு துண்டு வெல்லம்.

இதை எழுதும்போதே ஒரு பயமும் வருகிறது. பாட்டி வைத்தியம், பழைய வாழ்க்கை, அந்தக் காலத்து ஆரோக்கியம் என்று யாராவது இதைப் படித்துவிட்டுச் சப்புக்கொட்டக் கூடாது. ஆயா ஆரோக்கியத்துக்காகக் காய்ச்சினாள் என்பது உண்மைதான். ஆனால் சேரியில் ஆரோக்கியம் என்றால் என்ன? மறுநாள் வேலைக்குப் போக முடிகிற உடம்பு, அவ்வளவுதான். ஒருநாள் படுத்தால் ஒருநாள் கூலி போச்சு. வெல்லம் போட்ட சூடான மல்லித்தண்ணி உடம்பு வலியை மறக்க வைத்தது போலவே காலைப் பசியையும் மறக்க வைத்தது. கஞ்சி இல்லாத நாளில் அதுதான் கஞ்சி. பெரிய காய்ச்சல் என்றால், பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றால், ஆயாவே "ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுங்கடா" என்று கத்துவாள். எது தன் வேருக்கு அடங்கும், எது அடங்காது என்று அவளுக்குத் தெரியும்.

இனி ஆண்டை வீட்டுக்கு வருவோம். ஆயா பறித்த வேர் சேரியோடு நிற்கவில்லை. ஊரில் ரெட்டியார் வீட்டுக்கும் போனது. புழக்கடை வழியாகத்தான் போவாள். முறத்தில் கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்துவிட்டு முருங்கை மரத்தடிக்கு விலகி நிற்பாள். ஆண்டச்சி வந்து வேரை மோந்து பார்த்து எடுத்துக்கொள்வாள். வேருக்குத் தண்ணீர் தெளிப்பதில்லை. எவ்வளவு வேருக்கு எவ்வளவு தண்ணி, எத்தனை கொதி, எவ்வளவாகச் சுண்ட வேண்டும் என்று முருங்கை மரத்தடியிலிருந்து ஆயா சத்தம் போட்டுச் சொல்லுவாள். உள்ளேயிருந்து ஆண்டச்சி செய்வாள். இது பல வருசம் நடந்திருக்கிறது.

ஒருதடவை ஆண்டை வீட்டுப் பேரப்பிள்ளைக்குச் சளி. ஆண்டச்சிக்குப் பக்குவம் வரவில்லை, ரெண்டு தடவை தீய்த்துவிட்டாள். ஆயா பொறுக்கமாட்டாமல், "நானே காய்ச்சி எடுத்தாந்து தரேன் ஆண்டச்சி" என்று சொல்லிவிட்டாள். ஆண்டச்சி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாளாம். கோபப்படவில்லையாம். "ஓங்கையால தண்ணியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாளாம். இதை ஆயா எங்களிடம் சொல்லும்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். கடைசியில் அந்த வாக்கியம் வரும். வேரு போவும், தண்ணி போவாது.

தீட்டு என்பது எங்கே குடியிருக்கிறது என்று ஆயா கண்டுபிடித்து வைத்திருந்தாள். நெல் அறுத்த கை எங்கள் கை. அந்த நெல் ஆண்டை வீட்டுக் குதிருக்குள் போகும். அதே கை வடித்த சோறு போகாது. காய் போகும், குழம்பு போகாது. வேர் போகும், குடிநீர் போகாது. உழைப்பு காய்ந்த பொருளாக இருக்கும்வரை சாதி அதை வாங்கிக்கொள்ளும். அது ஈரமாகும்போது, சூடாகும்போது, இன்னொருவர் வாய்க்குள் போகும்போது கதவைச் சாத்திக்கொள்ளும். 1927 மார்ச் 20இல் அண்ணல் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்த பிறகு, சாதி இந்துக்கள் அந்தக் குளத்தில் பஞ்சகவ்யம் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்களே, அதுவும் தண்ணீர்தான்.

2

எம்.ஏ. தமிழ் படித்தபோது திருக்குறளில் மருந்து அதிகாரத்தை எங்களுக்கு நடத்தினார்கள். 95ஆவது அதிகாரம். கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நாலு கூறு சொல்லப்படுகிறது: நோயாளி, தீர்க்கிற மருத்துவர், மருந்து, கூடவே இருந்து அந்த மருந்தைப் பக்குவம் பண்ணிக் கொடுக்கிறவர். பேராசிரியர் முதல் மூன்றையும் விரிவாக விளக்கினார். நாலாவது ஆளை ஒரு வரியில் கடந்துபோனார். எனக்கு அந்த நாலாவது ஆள்மேல்தான் கண். முருங்கை மரத்தடியில் நிற்க வைக்கப்பட்டிருந்தது அந்த ஆள்தானே.

பிறகு சித்த மருத்துவ நூல்களைப் புரட்டியபோது இன்னொரு விசயம் தெரிந்தது. சித்த மருத்துவத்தில் அக மருந்து 32, புற மருந்து 32 என்று வகை பிரித்திருக்கிறார்கள். அக மருந்தில் ஒன்று குடிநீர். இன்றைக்குக் குடிநீர் என்றால் குழாயில் வருகிற தண்ணீர் என்றுதான் பொருள். வைத்தியத்தில் குடிநீர் என்றால் கசாயம். ஒவ்வொரு மருந்துக்கும் ஆயுள் உண்டு. சூரணம், அதாவது பொடி, மூன்று மாதம் நிற்கும். குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம், மூன்று மணி நேரம். அதற்குள் குடித்துவிட வேண்டும், இல்லையென்றால் கொட்டிவிட வேண்டும்.

இதைப் படித்தபோது ஆயாவின் வாக்கியத்துக்கு இன்னொரு கதவு திறந்தது. மூன்று மாதம் நிற்கிற பொருளுக்குக் கை தேவையில்லை. அதை மூட்டை கட்டலாம், கடையில் வைக்கலாம், யார் பறித்தது யார் இடித்தது என்று தெரியாமல் விற்கலாம். மூன்று மணி நேரத்தில் சாகிற பொருளுக்குக் கை வேண்டும். காய்ச்சியவர் கையிலிருந்து குடிப்பவர் கைக்கு நேராகப் போயாக வேண்டும். நடுவில் இரண்டு பேர் முகம் பார்த்தாக வேண்டும். சாதிக்குச் சூரணத்தோடு சண்டையில்லை, குடிநீரோடுதான் சண்டை.

அப்படியானால் ஒடுக்கப்பட்டவர் கையால் குடிநீர் வாங்கி ஊர் குடித்ததே கிடையாதா? உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பாதிதான். அயோத்திதாசப் பண்டிதர் 1845இல் பிறந்தவர். இயற்பெயர் காத்தவராயன். வைத்தியமும் தமிழும் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்டார். பௌத்தர், இதழாளர், அரசியல் சிந்தனையாளர் என்று இன்று அவரைப் பேசுகிறோம். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி 1914இல் சாகும்வரை நடத்தினார். ஆனால் அவர் சோறு தின்றது வைத்தியத்தால். சென்னை ராயப்பேட்டையில் சித்த வைத்தியராக இருந்தார். திரு.வி.க. சின்னப் பையனாக இருந்தபோது கை கால் முடங்கிப் போனதையும், அயோத்திதாசரின் மருத்துவத்தால் எழுந்து நடந்ததையும் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஒரு வேளாளர் வீட்டுப் பிள்ளை, பண்டிதர் கையால் மருந்து சாப்பிட்டுத்தான் நடந்தது. தொழிற்சங்கத் தலைவராக, தமிழ்த் தென்றலாகத் தமிழ்நாட்டை அந்தக் காலோடுதான் சுற்றி வந்தது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் குறள் இருக்கிறதே, அதன் ஏட்டுச்சுவடி தம் பாட்டனார் கந்தப்பனின் வீட்டில் இருந்ததாகவும், ஆரிங்டன் துரையிடம் வேலை பார்த்த அவர் வழியாகத்தான் அது எல்லிஸ் துரை கைக்குப் போனதாகவும் அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். ஏடு நம் வீட்டில் இருந்தது. வைத்தியம் நம் வீட்டில் இருந்தது. ஆனால் தமிழ் இலக்கிய வரலாறு என்று எனக்கு நடத்தியதில் இந்தப் பெயர் ஒருநாளும் வரவில்லை. ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வந்த பிறகுதான் நம் தலைமுறைக்கு அவர் கையில் கிடைத்தார். செத்து 85 வருசம் கழித்து!

2005இல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்கு இன்று அயோத்திதாசப் பண்டிதர் பெயர். சந்தோசம்தான். ஆனால் பெயர் வைத்தது ஒரு பண்டிதருக்கு. ஏடு படித்தவருக்கு, பத்திரிகை நடத்தியவருக்கு. ஏடு தெரியாத என் ஆயாக்களின் பெயரை எந்தச் சுவரில் எழுதுவது? 'தமிழர் மருத்துவம்' என்று மேடையில் முழங்குகிறார்களே, அந்தத் தமிழரில் ஏரிக்கரையில் குனிந்து கோரைக்கிழங்கு தோண்டியவள் உண்டா, இல்லையா?

3

இனி டீக்கு வரவேண்டும். ஏனென்றால் சேரியின் அடுப்பிலிருந்து மல்லித்தண்ணியை இறக்கியது டீதான்.

இலங்கையில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் காப்பிச் செடியை இலைத்துரு நோய் தின்றது. காப்பி அழிந்த மலையெல்லாம் தேயிலை ஆனது. அந்த மலைகளுக்குக் கங்காணிகள் ஓட்டிப்போன கூட்டத்தில் பெரும்பகுதி நம் சனம்: பறையர், பள்ளர், சக்கிலியர். 1890களிலிருந்து ஆனைமலைக் காடுகளை வெட்டித் தேயிலை போட்டபோதும் நம் சனம்தான். கொழுந்து கிள்ளியது நம் பெண்களின் விரல். அவர்களுக்குக் கிடைத்தது கடைசித் தூள், குளிர், அட்டைக்கடி. 1948இல் இலங்கை அரசு அவர்களைக் குடியுரிமை இல்லாதவர்களாக ஆக்கியது. 1999 ஜூலை 23இல், மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியபோது தாமிரபரணித் தண்ணீரில் 17 உயிர் போனது. ஒரு குவளை டீயை ஊதிக் குடிக்கும்போது இதையெல்லாம் யார் நினைக்கிறார்கள்.

அந்தத் தேயிலையை விற்கவும் வேண்டுமே. 1903இல் தேயிலைத் தீர்வைச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகிற தேயிலை மேல் தீர்வை வசூலித்து, அந்தப் பணத்தில் தேயிலையை விளம்பரம் செய்தார்கள். காப்பி மேல்சாதி வீட்டுக் கௌரவமாகவும், டீ உழைக்கிறவன் பானமாகவும் ஆன கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று ஒரு புத்தகத் தலைப்பாகவே வைத்துவிட்டார். எங்கள் சேரிக் கிழவிகளைக் கேட்டால், 'அந்தக் காலத்தில் டீயும் இல்லை, மல்லித்தண்ணிதான் இருந்தது' என்று அதற்கு ஒரு துணைத்தலைப்பு கொடுத்திருப்பார்கள்.

மல்லித்தண்ணிக்கும் டீக்கும் ஒரு பெரிய வித்தியாசம். மல்லித்தண்ணி நம் வீட்டுக்குள் நாமே காய்ச்சிக் குடித்தது. அதில் நமக்கு அவமானம் இல்லை. டீ ஊர்க்கடையில் போய்க் குடித்தது. ஆயா வேர்க்கதையில் கதவு எங்களிடமிருந்து ஊருக்குப் போகும் தண்ணிக்குச் சாத்தியிருந்தது. டீக்கடையில் தண்ணி அவர்களிடமிருந்து எங்களுக்கு வந்தது, அதுவும் தனியாக வந்தது. முதலில் கொட்டாங்கச்சி. பிறகு தனிக் குவளை, நாமே கழுவி நாமே கவிழ்த்து வைக்க வேண்டியது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் ஓட்டலில் பொதுப் பாத்திரத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைக் குற்றம் என்றது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. சட்டம் வந்த பிறகும் ஆணியில் தொங்கிய அந்தக் குவளை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. 1957இல் 'பிராமணாள்' என்று எழுதிய ஓட்டல் பலகைகளை அழிக்கத் தந்தை பெரியார் போராட்டம் நடத்தினார். அழிக்க வேண்டிய பலகைதான். ஆனால் எங்கள் ஊர் டீக்கடையில் பலகையே கிடையாதே. கடைக்காரர் பிராமணரும் கிடையாது. எழுதாத பலகையை எதை வைத்து அழிப்பது?

அப்புறம் பிளாஸ்டிக் கப் வந்தது. எல்லாருக்கும் தூக்கிப்போடுகிற கப் என்றார்கள். சமத்துவம் வந்துவிட்டது என்று எங்கள் பையன்களில் சிலரே சந்தோசப்பட்டார்கள். ஊர்க்காரர்கள் கண்ணாடி டம்ளரில் குடிக்க, எங்கள் ஆட்களுக்கு மட்டும் கேட்காமலே கப் வந்ததைக் கவனித்தபோதுதான் புரிந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு தடை செய்தது. பிளாஸ்டிக் போய் காகிதக் கப் வந்தது. இரட்டைக் குவளை கொட்டாங்கச்சியாகப் பிறந்து, அலுமினியமாக வளர்ந்து, காகிதமாக உரு மாறிக்கொண்டிருக்கிறது. சாவதாகத் தெரியவில்லை.

4

மற்றவர்களை இவ்வளவு சொன்ன பிறகு எங்கள் வீட்டையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எங்கள் சேரிக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு அம்மா அழுக்கு எடுக்க வரும்போது பனிக்காலமாக இருந்தால் ஆயா மல்லித்தண்ணி கொடுப்பாள். அன்பாகத்தான் கொடுப்பாள். "குடிச்சிட்டுப் போ, இருமுற பாரு" என்பாள். அந்த அம்மா தன் கையோடு ஒரு போகணி கொண்டுவரும். ஆயா சட்டியைத் தூக்கிப் பிடித்து, போகணியில் படாமல் மேலேயிருந்து ஊற்றுவாள். சின்னப் பையனாக அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணி ஒரு நூல் மாதிரி இறங்குவது அழகாகக்கூட இருக்கும். சட்டிக்கும் போகணிக்கும் நடுவில் இருந்த அந்த ஒருசாண் உயரம்தான் கிணற்றடிக்கும் முருங்கை மரத்தடிக்கும் நடுவில் இருந்த தூரம் என்பது முப்பது வயசுக்கு மேல், அம்பேத்கரைப் படித்த பிறகு, இயக்கத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தண்ணி போகாது என்று தெரிந்த ஆயாவே இன்னொருத்திக்குத் தண்ணியை உயரத்திலிருந்து ஊற்றினாள். சாதி ஏணியில் மேலே ஏறுபவன் மட்டுமில்லை, கடைசிப் படிக்கு ஒரு படி மேலே நிற்பவனும் கீழே பார்த்துத்தான் நிற்கிறான். ஆயாமேல் எனக்குப் பாசம் குறையவில்லை. ஆனால் அவளைத் தெய்வமாக்க என்னால் முடியாது.

போன மாதம் ஒரு வேலையாகப் பட்டணத்துக்குப் போயிருந்தபோது ஒரு பெரிய கடையில் நின்றேன். ஆவாரம்பூத் தேநீர், சுக்குமல்லித் தேநீர், துளசித் தேநீர், நிலவேம்பு என்று பச்சை நிறப் பெட்டிகளில் அடுக்கியிருந்தார்கள். ஒரு பெட்டியில் பாட்டி ஒருத்தியின் படம். வெள்ளை முடி, மூக்குத்தி, பட்டுப் புடவை. என் ஆயா பட்டு கட்டியதில்லை. விலையைப் பார்த்தேன், திரும்ப வைத்துவிட்டேன்.

வியாபாரம் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் நல்லதைக் குடித்தால் நல்லதுதான். 2012இல் டெங்கு பரவியபோது அரசே நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராகக் கொடுத்தது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. அதில் பாதியை ஆயா பெயர் தெரியாமலே ஒன்றாகப் போட்டுக் காய்ச்சியிருக்கிறாள். இந்த அறிவு பொதுவாகப் போவதில் எனக்கு வருத்தமே இல்லை. என் கேள்வி வேறு. பெட்டியில் இருப்பது மறுபடியும் வேர்தானே, மறுபடியும் பொடிதானே? பறித்த கை தெரியாமல், காய்ச்சிய கை இல்லாமல், அவரவர் வீட்டில் அவரவர் தண்ணீரில் போட்டுக்கொள்ளத்தானே அது? ஆண்டச்சி கேட்டதும் அதுதான். ஊராட்சி வாசலில் அந்தப் பெரியவர் கேட்டதும் அதுதான். மரபு, மூலிகை, பாரம்பரியம் என்று இன்று கொண்டாடுகிறவர்கள் வேரைத்தான் கொண்டாடுகிறார்கள்.

காய்ச்சுகிற கையை ஏற்றுக்கொள்ள இன்னும் தயாரில்லை என்பதற்குத் தூரமாகப் போக வேண்டியதில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்கக்கூடாது என்று சாதி இந்துக்கள் மறித்தார்கள். போராடிய பிறகுதான் அவர் அங்கே அடுப்பு மூட்ட முடிந்தது. அரிசி அரசு அரிசி, பருப்பு அரசு பருப்பு. அதில் அவர்களுக்கு என்ன பிரச்சினை? தண்ணி ஊற்றி வேகவைக்கிற கைதான் பிரச்சினை.

ஆகவே தோழர்களுக்கு இரண்டு விசயம் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, நம் சேரிகளில் வேர் தெரிந்த கிழவிகள் இன்னும் கொஞ்சப் பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். எந்த வேர், எத்தனை பங்கு, எவ்வளவு தண்ணி என்பதை மட்டும் எழுதினால் அது இன்னொரு பெட்டிக்குத்தான் போகும். யார் காய்ச்சினார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், யார் வாங்க மறுத்தார்கள், எந்த மரத்தடியில் நின்றார்கள் என்பதையும் சேர்த்து அவர்கள் பெயரோடு எழுதுங்கள். இரண்டு, அடுத்த தடவை ஏதாவது ஒரு காய்ச்சல் வரும், அரசு ஏதாவது ஒரு குடிநீரைக் கொடுக்கும். அப்போது பொடிப் பொட்டலத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். 2020இல் நான் ஒத்துக்கொண்டேன். சண்டை வேண்டாம், நோய்க்காலம் என்று சும்மா இருந்தேன். அண்டாவைக் கிண்டிய அந்த இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. மீந்த குடிநீருக்கு மூன்று மணி நேரம் முடிந்தபோது அதைச் சாக்கடையில் கொட்டியதும் அவர்கள்தான்.

இந்த மார்கழியில் எங்கள் வீட்டில் மல்லித்தண்ணி காய்ச்சினோம். புதிரை வண்ணார் வீட்டு அம்மா இப்போது இல்லை, அவர் மகள் இருக்கிறார். கூப்பிட்டேன். எங்கள் டம்ளரில் கொடுத்தேன். அவர் டம்ளரை வாங்காமல் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "தூக்கிக் குடிக்கவா, கடிச்சிக் குடிக்கவா?" என்று கேட்டார். "கடிச்சே குடி யக்கா" என்றேன். குடித்துவிட்டுக் கழுவப் போனார். நான் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.